இச்சையடக்கம் விடுதலைக்கு எதிரியா?

உடையார்கட்டிலும் அதை ஒட்டிய விசுவமடு, சுதந்திரபுரம் பக்கங்களிலும் கிறிஸ்தவர்களிடையே ஒரு கதை பரவி வருகிறது. “நாங்கள் கிருபைக்குள் வந்த சனம். உபவாசம், தவக்காலம், ஒறுத்தல் எல்லாம் பழைய சட்டம். கிறிஸ்து எங்களை விடுதலையாக்கிப்போட்டார். இனி எங்களை ஒருத்தரும் கட்டேலாது.” கேட்கும்போது இது பெரிய விசுவாசம் போலத் தோன்றும். ஆனால் வேதமும் திருச்சபையின் வரலாறும் வன்னி மண்ணின் அனுபவமும் இதற்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. அவர்கள் முன்வைக்கும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது காரணம்: “பவுல் சட்டத்தின் நுகத்தை உடைத்துவிட்டார்.” உடைத்தார்தான், ஆனால் எந்த நுகத்தை? விருத்தசேதனம் செய்தால்தான் மீட்பு என்று கலாத்திய விசுவாசிகளைச் சிலர் நெருக்கினார்கள். மீட்பு இலவசமாக வந்தது, அதற்கு விலை வைக்காதீர்கள் என்று பவுல் சீறினார். கலாத்தியருக்கு எழுதிய அந்த நிருபத்தின் 5ஆம் அதிகாரம் விடுதலையைப் பற்றிய முழக்கத்தோடு தொடங்குகிறது. அங்கேயே நின்றுவிடாமல் தொடர்ந்து வாசிக்க வேண்டும். அந்த விடுதலையை உடலின் ஆசைகளுக்குச் சாட்டாக எடுக்காமல், அன்பினால் ஒருவருக்கொருவர் பணிசெய்யச் சொல்கிறார் பவுல். ஆவியின் கனிகளை எண்ணும்போது அன்பில் தொடங்கி இச்சையடக்கத்தில் முடிக்கிறார். ஆவி தரும் கனியையே சட்டம் என்று தள்ளுவது எப்படி விசுவாசமாகும்?

இரண்டாவது காரணம்: “எதையும் செய்ய எங்களுக்கு உரிமை உண்டென்று வேதமே சொல்கிறது.” கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தைக் காட்டி இப்படிச் சொல்கிறார்கள். அது கொரிந்து சபையில் சிலர் சொல்லித் திரிந்த கூற்று, பவுல் அதை எடுத்து வைத்து மறுக்கிறார் என்பதே வேத அறிஞர் பலரின் கருத்து. செய்யக்கூடியது எல்லாம் நன்மை தராது, எந்த ஒன்றும் என்னை ஆள விடமாட்டேன் என்பது அவருடைய மறுப்பின் சாரம்.

நாட்கூலி வாங்கியதும் கால் தானாகத் தவறணைக்கோ கசிப்பு விற்கும் வளவுக்கோ திரும்புகிறதென்றால், அங்கே உரிமை யாரிடம் இருக்கிறது? ஒரு கிழமை விட்டுப் பார்க்கலாம். விட முடிந்தவர் உரிமையோடு இருக்கிறார். விட முடியாதவரை வேறொன்று ஆளுகிறது. நள்ளிரவு கழிந்தும் கையை விட்டு இறங்காத போனுக்கும் இதே சோதனைதான்.

மூன்றாவது காரணம்: “ஒழுக்கப் பயிற்சி சுயமுயற்சி, அது கிருபைக்கு எதிரானது.” விசுவாசத்தினால் மட்டுமே நீதிமான் ஆகிறோம் என்று போதித்த மார்ட்டின் லூதரை விடவா கிருபையைப் பற்றி அழுத்திச் சொல்லப் போகிறோம்? 1520இல் கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றி அவர் எழுதிய சிறுநூலின் இரண்டாம் பகுதி, உபவாசத்தாலும் விழிப்பாலும் உழைப்பாலும் உடலைப் பழக்குவதைப் பற்றிப் பேசுகிறது. இவற்றால் ஒருவர் நீதிமான் ஆவதில்லை. ஆனால் கிருபை பெற்றவருக்கும் இவை தேவை என்கிறார் லூதர். பவுலின் பேச்சும் இப்படித்தான். கொரிந்து நகருக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுக்கொரு தடவை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. பரிசு, சில நாளில் வாடிப்போகும் இலைமுடி. அதற்கே ஓட்டக்காரன் எல்லாவற்றிலும் தன்னை அடக்குகிறானே என்று பவுல் கேட்டது, ஏற்கனவே கிருபை பெற்ற சபையிடம்தான்.

நான்காவது காரணம்: “கட்டுப்பாடெல்லாம் குருமாரும் போதகர்மாரும் எங்கள் தலையில் கட்டியவை.” இதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. பூ வைக்காதே, மருந்து எடுக்காதே, உறவுக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகாதே என்று சனத்தைப் பயமுறுத்தி நடத்தும் சபைகள் உண்டு. தொடாதே, ருசிபாராதே என்ற வகைக் கட்டளைகளைக் கொலோசெயருக்கு எழுதும்போது பவுலும் கண்டிக்கிறார். பயத்தினால் வருவது சுயகட்டுப்பாடு ஆகாது.

ஆனால் எங்கள் முன்னோரைப் பாருங்கள். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். மறைவாக வந்த யோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணம் சேர்ந்தது 1687இல். இடைப்பட்ட ஏறக்குறைய 30 ஆண்டு காலம் வடபகுதிக் கத்தோலிக்கர் மேய்ப்பரில்லாத மந்தையாக இருந்தார்கள். செபிக்காவிட்டால் கேட்க ஆளில்லை. செபித்துப் பிடிபட்டால் தண்டனை இருந்தது. அப்படியும் செபம் வீடுகளில் நிலைத்தது. அந்த ஒழுக்கத்தைப் போட்ட சட்டம் எது?

ஐந்தாவது காரணம்: “இது என் சொந்த விஷயம்.” உடையார்கட்டுக் குளத்தை நம்பிச் சிறுபோகம் செய்யும் கமக்காரர் எவரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, கூட்டம் வைத்து, எத்தனை ஏக்கர் விதைப்பதென்று தீர்மானித்து, முறை வைத்தே வாய்க்காலில் தண்ணீர் விடுகிறார்கள். மேல் வயல்காரர் தன் முறை முடிந்தும் மடையை அடைக்காவிட்டால் கடைசி வயல் கருகும். வீடும் அப்படித்தான். தகப்பன் குடித்துத் தீர்க்கும் காசு, பிள்ளையின் சப்பாத்தும் ரியூசன் காசும். தாய் அந்தப் பள்ளத்தை நிரப்ப நுண்கடன் எடுக்கிறாள். அவளுக்குப் பிணை நின்ற குழுப் பெண்களும் சேர்ந்து மாட்டுப்படுகிறார்கள். சிலைகளுக்குப் படைத்த இறைச்சியைப் பற்றிப் பவுல் எழுதியபோது, உண்ண உரிமை இருந்தும் ஒரு சகோதரன் தடுக்கி விழுவானென்றால் அதைத் தொடவே மாட்டேன் என்றார். தன் உரிமையை மற்றவனுக்காக விட்டுக்கொடுக்கத் தெரிந்தவரின் பேச்சு அது.

ஆறாவது காரணத்தை நான் மிகுந்த மரியாதையோடு எதிர்கொள்கிறேன்: “இந்தச் சனம் கட்டுப்பாட்டிலேயே செத்துப் பிழைத்தது. இனியாவது விடுங்கள்.” போர்க்காலத்தில் வன்னியை விட்டு வெளியே போகப் புலிகள் இயக்கத்தின் பாஸ், வழிநெடுகச் சோதனைச் சாவடி, பங்கருக்குள் இரவுகள். 2009 ஜனவரியில் அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் உடையார்கட்டும் இருந்தது. இங்கே பாடசாலையில் இயங்கிய தற்காலிக மருத்துவமனையும் எறிகணைக்குத் தப்பவில்லை. உயிர் பிழைத்தவர்களைச் செட்டிகுளத்து மெனிக் பாமின் முட்கம்பி வேலி வரவேற்றது. அந்த முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். இவ்வளவும் பட்ட சனத்திடம் அடக்கம் பற்றிப் பேசுவதற்கே வாய் கூசும்.

ஆனால் அவையெல்லாம் பிறர் போட்ட கட்டுகள். எப்போது எழும்புவது, எதை உண்பது, எங்கே படுப்பது என்பதையெல்லாம் வேறு யாரோ தீர்மானித்தார்கள். தானே தனக்கு எல்லை வகுக்கும் வாய்ப்பு அப்போது கிடைக்கவில்லை, இப்போதுதான் கிடைத்திருக்கிறது. இஸ்ரவேலரின் கதையும் இந்த ஒழுங்கில்தான் நடக்கிறது. முதலில் எகிப்திலிருந்து விடுதலை, அதன் பிறகே சீனாய் மலையில் கட்டளைகள். சீனாய்க்கு வந்து சேருமுன்பே வனாந்தரத்தில் மன்னா கிடைத்தது. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் பொறுக்கச் சொன்னார் கடவுள். சேர்த்து வைத்தது புழுத்தது. ஆறாம் நாளில் இரட்டிப்பாக எடுத்து, ஏழாம் நாளில் ஓய வேண்டும். பார்வோனிடம் செங்கல் அறுத்த அடிமைக்கு ஓய்வு நாள் கிடையாது. போதும் என்று நிறுத்தும் பழக்கத்தைக் கடவுள் அவர்களுக்கு விடுதலையின் முதல் பாடமாகவே தந்தார். நிவாரண வரிசையில் நின்று வாழ்ந்த எங்களுக்கு அந்தப் பாடத்தின் அருமை விளங்கும்.

காயத்தை மறக்கக் குடிப்பவரைக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. அவருக்கு வேண்டியது துணையும், தேவைப்பட்டால் வைத்தியமும். சபைகள் பிரசங்கத்தோடு நின்றுவிடாமல், குடியை விட முயல்பவரோடு மாலை நேரங்களில் கூட இருக்க ஆள் ஒழுங்கு செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை ஒருவேளைச் சாப்பாட்டை விடுபவர்கள் அந்தக் காசை அந்த வீட்டுப் பிள்ளைகளின் கொப்பிக்குக் கொடுக்கட்டும். பெற்றார் இரவுச் செபத்துக்குத் தங்கள் போனை முதலில் அணைக்கட்டும். இவற்றில் எதையும் யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. அதனால்தான் இவை விடுதலை பெற்றவர்கள் செய்யக்கூடிய காரியங்கள்.