தாத்தாவின் சாம்பியனும் பேரனின் சாம்பியனும்

பழனியை அடுத்த பாலசமுத்திரத்திலிருந்து ஒரு திண்ணை வழக்கு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. உலகக் குத்துச் சண்டையில் கனஎடைச் சாம்பியன்களாக விளங்கியவர்களுள் தலைசிறந்தவர் யார் என்பதே வழக்கு. தாத்தா, ஜோ லூயிஸ் கட்சி. மகனோ முகம்மது அலியின் பக்தர். 1980-ம் வருஷம் அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டதை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறவர். பேரன், மைக் டைஸன் கட்சி. பாட்டியம்மாள் மாத்திரம் எந்தக் கட்சியிலும் சேராமல், "இலை போட்டாயிற்று, வாருங்கள்" என்கிறாராம்!

மூவரிடமும் கணக்கு இருக்கிறது. லூயிஸ் 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து, 25 தடவை அதைக் காத்தவர். அலி மூன்று முறை பட்டம் பெற்றவர். டைஸன் 1986-ல், இருபதே வயதில் சாம்பியனானவர். இவர்களோடு, 49 சண்டைகளில் 49-ம் வென்று ஓய்வு பெற்ற ராக்கி மார்ஷியானோவையும் சேர்த்துக்கொண்டால் குழப்பம் பூர்த்தியாகிவிடும்!

கணக்கைக் கொண்டே தீர்ப்புச் சொல்லலாமென்றால், காலத்துக்குக் காலம் ஆட்டமே வேறாயிருக்கிறது. 1910-ல் ஒரு பட்டச் சண்டைக்கு 45 சுற்றுக்கள் நிர்ணயித்தார்கள், லூயிஸ் காலத்தில் 15, இப்போது 12. மார்ஷியானோவின் எடை சுமார் 185 ராத்தல்தான். இன்றைய விதிப்படி அவர் கனஎடைப் பிரிவிலேயே சேரமாட்டார்.

மனிதரால் முடியாததை யந்திரத்தால் முடிக்கலாமென்று அமெரிக்காவில் சிலர் எண்ணினார்கள். 1967-ல் பல காலத்துச் சாம்பியன்களின் விவரங்களையும் ஒரு கம்ப்யூட்டரிடம் கொடுத்து, கற்பனைச் சண்டைகளை நடத்தி, வானொலியில் ஒலிபரப்பினார்கள். ஜிம் ஜெப்ரீஸ் என்ற பழைய சாம்பியன் அலியைத் தோற்கடித்ததாக யந்திரம் சொல்லிற்று. அலி சும்மா இருப்பாரா? கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்.

அந்த ஜெப்ரீஸ் யார்? பட்டம் தம்மிடம் இருந்தவரையில் கறுப்பர் எவருக்கும் போட்டியிடச் சந்தர்ப்பம் அளிக்காமல், 1905-ல் ஓய்வு பெற்றவர். ஜாக் ஜான்சன் என்ற கறுப்பு வீரர் ஆஸ்திரேலியா வரை துரத்திச் சென்று, 1908-ல் ஸிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று பட்டம் பெற்றார். வெள்ளையரின் மானத்தைக் காக்க ஜெப்ரீஸை மறுபடியும் அழைத்து வந்தார்கள். 1910 ஜூலை 4-ம் தேதி ரீனோ நகரில், பதினைந்தாவது சுற்றில் ஜெப்ரீஸ் வீழ்ந்தார். அன்றிரவு பல நகரங்களில் கலகம் மூண்டு, கறுப்பர் பலர் உயிரிழந்தனர். 1915-ல் ஜான்சன் பட்டத்தை இழந்த பிறகு, 1937-ல் லூயிஸ் வரும் வரையில் இருபத்திரண்டு வருஷங்கள் ஒரு கறுப்பருக்கும் பட்டச் சண்டை கிட்டவில்லை. ஹாரி வில்ஸ் போன்ற சூரர்கள் வாசலிலேயே காத்திருந்து முதுமையடைந்தார்கள். ஜான்சனுங்கூடப் பட்டம் பெற்றபின் ஸாம் லாங்போர்டுக்கு இடங்கொடுக்கவில்லை. நடக்காத சண்டைகளை எந்த யந்திரம் கணக்கிடும்?

இது நமக்கும் புதிய கதையன்று. ரீனோ சண்டை நடந்த அதே 1910-ல் நம் காமா பயில்வான் லண்டனில் இருந்தார். அவருடையது குஸ்தி, ஆயினும் கதை ஒன்றே. செப்டம்பர் 10-ம் தேதி போலந்து வீரர் ஸ்பிஸ்கோ, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் தரையோடு ஒட்டிக் கிடந்து தோல்வியைத் தவிர்த்தார்; மறுவாரச் சண்டைக்கு வரவேயில்லை. பேர்பெற்ற சாம்பியன்களான கோட்சும் ஹாக்கன்ஷ்மிட்டும் காமாவுடன் மோதாமலே இருந்துவிட்டார்கள். பதினெட்டு வருஷங்கள் கழித்து, 1928-ல் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிஷத்துக்குள் காமா வீழ்த்தினார். அதைக் கண்டவர்களுக்கு 1910-ன் உண்மை விளங்கியிருக்கும்.

ஆகவே நம் அளவுகோல் இதுதான்: எத்தனை பேரை வென்றார் என்பதல்ல, தம் காலத்தில் தகுதியுள்ளவர் அனைவரையும் எதிர்கொண்டாரா? இந்தக் கோலால் அளந்தால், 1937-க்கு முந்திய "உலகச் சாம்பியன்" பட்டங்களில் பெரும்பாலானவை பாதி உலகத்தின் பட்டங்களே.

பிற்பட்டவர்களில் பேரனின் டைஸன், ஹோலிபீல்டிடம் 1996-லும் 1997-லும், லூயிஸ் என்றே பெயர்கொண்ட லெனக்ஸிடம் 2002-லும் தோற்றார். தாத்தாவின் ஜோ லூயிஸ் மகா வீரர். ஆனால் அவரிடம் தோற்றவர்களில் சாமானியர்களும் பலர். அலியோ லிஸ்டன், பிரேஸியர், போர்மன் மூவரையும் வென்றவர். பிரேஸியரை இரண்டே சுற்றுக்களில் ஆறு தடவை கீழே தள்ளியவர் போர்மன். அவரை 1974-ல், தம் முப்பத்திரண்டாம் வயதில், அலி வீழ்த்தினார். வியட்நாம் யுத்தத்துக்குப் போக மறுத்து 1967-ல் பட்டத்தையே பறிகொடுத்தவரும் அவர்தான்.

வழக்கு மகன் பக்கம் தீர்க்கப்படுகிறது. தாத்தாவுக்கு ஓர் ஆறுதல்: லூயிஸ் திறந்த வாசல் வழியாகத்தான் அலி உள்ளே வந்தார். பேரனுக்கு ஒரு வேலை: உன் சாம்பியன் ஜாபிதாவில் ஹாரி வில்ஸின் பெயரையும் ஓர் ஓரத்தில் எழுதி வை, தம்பி.