சேப்பாக்கம் எழுந்து நின்ற பிற்பகல்



1999 ஜனவரியில், பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் டெஸ்ட் பந்தயங்கள் ஆடப் பாகிஸ்தான் அணி இந்தியா வந்தது. அதை எதிர்த்த சிலர் டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தையே கொத்திக் கிளறினர். எனவே முதல் டெஸ்ட் சென்னை சேப்பாக்கத்திற்கு மாற்றப்பட்டது. எங்கும் போலீஸ் காவல். அந்நாட்களில் நம் இல்லங்களில் நிலவிய மன இறுக்கத்தை விளக்க வேண்டுவதில்லை. இவ்விரு நாடுகளும் மோதும்போதெல்லாம், "நீ யார் பக்கம்?" என்னும் வினா, வாய்விட்டுக் கேட்கப்படாத இடங்களிலும், நம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தே வந்துள்ளது.

நான்காம் நாள், ஜனவரி 31. இந்தியாவின் இலக்கு 271 ஓட்டங்கள். 82 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள் சாய்ந்த பின், நயன் மோங்கியாவைத் துணைக்கொண்டு, முதுகுவலியையும் பொறுத்தவாறு சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் குவித்தார். இன்னும் 17 ஓட்டங்களே தேவை என்ற நிலையில் சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடித்தார். வாசிம் அக்ரம் பிடித்துவிட்டார். எஞ்சிய விக்கெட்டுகள் நான்கே ஓட்டங்களில் வீழ்ந்தன. பாகிஸ்தானுக்கு 12 ஓட்டங்களில் வெற்றி.

அரங்கம் உறைந்து போயிற்று. சற்றுப் பொறுத்து, நாளெல்லாம் இந்தியாவுக்காகத் தொண்டை வற்றக் கூவிய அதே மக்கள், எழுந்து நின்று வென்றவர்களுக்காகக் கைதட்டினர். ஏதோ கணநேர உணர்ச்சி என்று இதை ஒதுக்குவதற்கில்லை. 1997 மே மாதம் இதே மைதானத்தில் சயீத் அன்வர் 194 ஓட்டங்கள் எடுத்தபோதும் அவர்கள் மனமாரப் பாராட்டியவர்களே.

கைதட்டலைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். அதற்கு வாசிம் அக்ரம் அளித்த மறுமொழியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. தம் வீரர்களைத் திரட்டிக்கொண்டு அவர் மைதானத்தை வலம் வந்தார். வெற்றிக் களிப்பில் தோற்றவரின் பெருந்தன்மையைக் கவனிக்காமல் போவது எளிது, அவர் கவனித்தார். அன்று கைதட்டிய ஆயிரமாயிரம் பேரை நோக்கி, "நீ யார் பக்கம்?" என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

இதனை வகுப்பில் எடுத்துரைத்தபோது, "சச்சின் என்ன செய்தார், ஹஜ்ரத்?" என வினவினான் ஒரு மாணவன். ஆட்டநாயகன் விருது அவருக்கே அளிக்கப்பட்டது, ஆனால் துயரம் தாளாமல் அதைப் பெற்றுக்கொள்ள அவர் வெளியே வரவில்லை என்றேன்.

சிறிது யோசித்துவிட்டு அவன் சொன்னான்: "அப்படியென்றால், கைதட்டினவங்களுக்கும் அழுகை வந்திருக்கும்."