மேற்கோள் எண்ணிக்கையும் ஆய்வின் எடையும்

மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்றில் பேராசிரியர் பணியிடம் காலியாகிறது. விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. ஒவ்வொரு விண்ணப்பத்தின் முதற்பக்கத்திலும் மூன்று எண்கள் இருக்கின்றன. அவை வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டியது எத்தனை முறை, எச்-குறியீட்டெண் எவ்வளவு என்பன. அந்த எண்களை இறங்குவரிசையில் அடுக்கி, முதல் பத்துப் பேரை நேர்காணலுக்கு அழைப்பது இன்று உலகெங்கும் பரவிவிட்ட வழக்கம். விண்ணப்பித்தவர் எதைக் கண்டறிந்தார் என்னும் கேள்வி எழுவதற்கு முன்பே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது.

இந்த எண்கள் பிறந்த கதை நூலகத்தில் தொடங்குகிறது. அமெரிக்க நீதிமன்றங்களில், ஒரு பழைய தீர்ப்பைப் பின்னாளில் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன, எவை மறுத்தன என்று காட்டும் அட்டவணை 1873 முதல் வழக்கில் இருந்தது. வழக்கறிஞர்க்குப் பயன்பட்ட அம்முறையை அறிவியலுக்குக் கொண்டுவரலாம் என்று 1955இல் ‘சயின்சு’ இதழில் எழுதியவர் யூசின் கார்ஃபீல்டு. பிலடெல்பியாவில் அவர் நிறுவிய நிறுவனம் 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது. ஒரு கருத்து எங்கே தோன்றி, யார் யார் கைவழியாக எங்கே சென்று சேர்ந்தது என்பதைத் தேடுவோர்க்கு அது வழிகாட்டி. ஆளை நிறுக்கும் தராசாக அது வடிவமைக்கப்படவில்லை. இதழ்களின் தாக்கக் காரணியும் அவ்வாறே. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டில் பெற்ற மேற்கோள்களை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது தாக்கக் காரணி. எந்த இதழ்களை அட்டவணையில் சேர்ப்பது என்று முடிவு செய்ய உருவான அந்தக் கணக்கு, காலப்போக்கில் அவ்விதழில் எழுதியவரின் தகுதிச் சான்றாக மாறிப்போனது. தனி மனிதரை மதிப்பிட அதனைக் கையாள்வது குறித்துக் கார்ஃபீல்டே பின்னாளில் எச்சரிக்க நேர்ந்தது.

எச்-குறியீட்டெண் இன்னும் இளையது. கலிபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியலாளர் ஓர்கே இர்சு 2005இல் அதனை முன்மொழிந்தார். ஒருவருடைய கட்டுரைகளில் இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது மேற்கோள்களைப் பெற்றிருந்தால் அவருடைய எண் இருபது. எளிமையே அதன் கவர்ச்சி. ஆனால் மூன்றே கட்டுரைகள் எழுதியவருக்கு, அம்மூன்றும் மருத்துவத்தையே புரட்டிப்போட்டிருந்தாலும், எண் மூன்றைத் தாண்டாது. நடுத்தரமான கட்டுரைகளை ஆண்டுதோறும் தவறாமல் வெளியிடுபவர் அவரை எளிதில் முந்திவிடுவார்.

மேற்கோள் என்னும் சொல்லைத் தமிழ் கற்றோர்க்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முழுமையாகக் கிடைக்காத வளையாபதியின் பாடல்கள் சில, உரையாசிரியர்கள் எடுத்தாண்டமையாலும் புறத்திரட்டில் தொகுக்கப்பட்டமையாலும் பிழைத்திருக்கின்றன. அதே உரையாசிரியர்கள், ‘என்பாரும் உளர்’ என்று பிறர் கருத்தை எடுத்துச்சொல்லி, அடுத்த வரியில் அதனை மறுப்பதும் உண்டு. எடுத்தாள்வது வேறு, ஏற்பது வேறு. அட்டவணைக்கு இந்த வேறுபாடு தெரியாது. தடுப்பூசிக்கும் மன இறுக்கத்துக்கும் தொடர்பு உண்டென்ற ஐயத்தைக் கிளப்பி 1998இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த கட்டுரை, 2010இல் அவ்விதழாலேயே திரும்பப் பெறப்பட்டது. அதனை மறுத்து எழுதியவர்களும் அதனை மேற்கோள் காட்டித்தானே எழுத வேண்டும்? எண்ணிக்கையில் அம்மறுப்புகளும் மேற்கோள்களே.

இனி, அறிவியல் வரலாற்றில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது? புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையொன்றை விளக்கி, ஆலிவர் லோரியும் உடன் ஆய்வாளர்களும் 1951இல் வெளியிட்ட கட்டுரை அது. மேற்கோள்கள் மூன்று இலட்சத்தைக் கடந்துவிட்டன. அப்படியொன்றும் அது பெரிய கட்டுரையன்று என்று லோரியே கருதினார். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை 1953இல் உலகுக்கு அறிவித்த வாட்சன், கிரிக் ஆகியோரின் கட்டுரையோ, 2014இல் ‘நேச்சர்’ இதழ் தொகுத்த முதல் நூறு கட்டுரைகளின் பட்டியலில் இடம்பெறவே இல்லை. காரணம் விளங்கக்கூடியதே. ஆய்வகத்தில் நாள்தோறும் கையாளும் முறையை ஒவ்வொரு முறையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. பாடநூலில் ஏறிவிட்ட உண்மைக்கு மேற்கோள் எதற்கு?

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவின் வாழ்வில் இந்த முரண் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. சிரசு பிஸ்கேயுடன் இணைந்து அவர் 1925இல் வெளியிட்ட, பாசுபரசை நிறமாற்றத்தின்வழி அளக்கும் முறை, உயிர்வேதியியலில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டவற்றுள் ஒன்று. அவருடைய அட்டவணைப் புகழ் பெரும்பாலும் அதனையே சார்ந்தது. ஆனால் 1940இல் லெடர்லி ஆய்வகத்துக்குச் சென்றபின் அவர் தலைமையில் நடந்த பணிகளை நோக்க வேண்டும். போலிக் அமிலத்தின் தொகுப்பு, ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து, யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின், இரத்தப் புற்றுநோய்க்கான அமினோப்டெரின், அதன் உடன்பிறப்பான மெத்தோடிரெக்சேட்டு எனப் பட்டியல் நீளும். பாசுடனில் சிட்னி பார்பர் அமினோப்டெரினைக் கொடுத்தபோது, இரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த குழந்தைகள் சிலர் சிறிது காலமேனும் நோய் தணிந்து எழுந்து நடமாடினர். 1948இல் வெளியான அந்தப் புகழ்பெற்ற கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவின் பெயர் இல்லை. இந்தியாவின் பல மாவட்டங்களில் நலவாழ்வுப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று கொடுத்த யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரையை விழுங்கியவர் எவரும் அவரை மேற்கோள் காட்டப்போவதில்லை. உயிர்மருத்துவ ஆய்வின் தாக்கத்தில் பெரும்பகுதி இப்படித்தான் நிகழ்கிறது. அது உடல்களில் நிகழ்கிறது, அடிக்குறிப்புகளில் அன்று.

காலத்தின் சிக்கலும் உண்டு. கல்கத்தாவில் பணியாற்றிய நோயியல் அறிஞர் சம்பு நாத் தே, முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதனுள் காலரா நுண்ணுயிரை ஏற்றினார். கட்டிய பகுதி நீரால் நிரம்பி வீங்கிற்று. 1959இல் அவர் ஒருபடி மேலே சென்று, நுண்ணுயிர்களை முற்றிலும் வடிகட்டி நீக்கிய நீர்மத்தைச் செலுத்தினார், அப்போதும் வீங்கிற்று. நோயை விளைப்பது நுண்ணுயிர் வெளியே சுரக்கும் நச்சு என்பது அதனால் தெளிவாயிற்று. காலரா நுண்ணுயிர் நஞ்சு ஒன்றைச் சுரக்கக்கூடும் என்று இராபர்ட் காக்கு 1884இல் கருதியதற்குச் சான்று கிடைக்க முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தும் சில ஆண்டுகள் அக்கட்டுரையைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. இரண்டாண்டுக் கணக்கில் தாக்கத்தை அளக்கும் குழு ஒன்று 1961இல் தேயை மதிப்பிட்டிருந்தால், அவர் ஓர் இடைநிலை ஆய்வாளர் என்றே எழுதிவைத்திருக்கும். 1978இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். சொந்த நாட்டில் பெரிய விருது எதுவுமின்றியே 1985இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, காலரா ஆய்வின் வளர்ச்சியில் அவருடைய பங்கை மேற்கோள் அட்டவணைகளின் துணையோடு வரைந்துகாட்டிக் கட்டுரை எழுதியவர் வேறு யாருமல்லர், கார்ஃபீல்டுதான். கருவி தவறானதன்று என்பதற்கு இதுவே சான்று. ஒரு கருத்தின் பயணத்தைப் பின்னோக்கிப் பார்ப்பதற்கு அது சிறந்தது. நாளை யார் பயன்படுவார் என்று முன்கூட்டி உரைக்கும் ஆற்றல்தான் அதற்கு இல்லை.

நச்சு குடற்சுவரை அழிப்பதில்லை, நீரைச் சுரக்கச்செய்கிறது என்ற புரிதலோடு, குடலில் சர்க்கரையுடன் சேர்ந்து உப்பும் உறிஞ்சப்படுகிறது என்ற அறிவும் சேர்ந்தே உப்புச்சர்க்கரைக் கரைசலுக்கு வழிவகுத்தது. 1971இல் வங்காள எல்லையில் உள்ள பன்கான் ஏதிலியர் முகாமில் திலீப் மகலனாபிசு அக்கரைசலை ஏந்தனங்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. அதுபற்றிய கட்டுரை 1973இல்தான் வெளிவந்தது. முகாமில் கட்டுரை எழுத நேரமேது?

எண்ணிக்கையை இலக்காக்கினால் எண்ணிக்கையே கெட்டுப்போகும். ஒரே ஆய்வை மூன்று கட்டுரைகளாகத் துண்டாடுவதும், நண்பர்கள் ஒருவரையொருவர் மாறிமாறி மேற்கோள் காட்டுவதும், ஆய்வகப் பக்கமே வராதவரின் பெயரை ஆசிரியர் வரிசையில் சேர்ப்பதும் அதன் விளைவுகள். பதவி உயர்வுக்குக் கட்டுரை கட்டாயம் என்றானபின், பகல் முழுதும் புறநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ ஆசிரியர் ஒருவர் பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழை நாடுவதில் வியப்பில்லை. இவற்றைவிட ஆழமான கேடு, ஆய்வுப் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நேர்கிறது. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. பாம்பு நஞ்சை ஆராய்வோர் உலகில் சிலரே. ஆகவே அவர்களை மேற்கோள் காட்டுவோரும் சிலரே. புற்றுநோய் மரபணுவை ஆராய்பவருடன் ஒரே எண்ணால் ஒப்பிட்டால் அவர்கள் என்றும் பின்வரிசையில்தான். ஓர் இளம் ஆய்வாளர் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள நெடுநாள் ஆகாது. புரிந்துகொண்டபின் அவர் எந்தத் துறைக்குச் செல்வார் என்பதும் வெளிப்படை.

எண்களை ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்பது எளிது. ஆனால் எண்கள் வருவதற்கு முன் இருந்தவை பரிந்துரைக் கடிதங்களும் அறிமுகங்களும் ஆகும். பெரிய நிறுவனத்தின் முத்திரையோ செல்வாக்குள்ள ஆசானோ இல்லாத ஒருவர், ‘என் கட்டுரையை இத்தனை பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள்’ என்று மேசைமேல் வைக்கக்கூடிய சான்று மேற்கோள்தான். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. எண்ணைப் பறித்துவிட்டு அவ்விடத்தில் பழைய செல்வாக்கை அமர்த்துவது சீர்திருத்தமாகாது. எனவே எண் இருக்கட்டும்; ஆனால் அது கேள்வியைத் தொடங்கி வைக்கட்டும், முடித்து வைக்க வேண்டாம். அதே துறையில், அதே கால அளவு பணியாற்றியவர்களுக்குள் மட்டுமே ஒப்பீடு நிகழட்டும்.

இதழின் தாக்கக் காரணியை ஆளின் அளவுகோலாகக் கொள்ள வேண்டா என்று, 2012இல் சான் பிரான்சிசுகோவில் கூடிய அறிவியல் இதழாசிரியர்கள் தொடங்கிவைத்த அறிக்கை கேட்டுக்கொண்டது. பல்லாயிரம் அறிவியலாளர்கள் அதில் கையொப்பமிட்டுள்ளனர். கையொப்பத்தைவிடக் கடினமானது நடைமுறை. விண்ணப்பிப்பவர் தம் பணிகளில் சிறந்தவை என்று தாம் கருதும் ஐந்தை மட்டும் அளிக்கட்டும். ஒவ்வொன்றிலும் தம் கை எந்த அளவு இருந்தது, அதனால் எந்த நோயறி முறையோ மருந்தோ மருத்துவ வழிகாட்டுதலோ மாறியது என்று ஒரு பக்கத்தில் எழுதட்டும். மாற்றம் எதுவும் இன்னும் நிகழவில்லையென்றால் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார் என்றாவது சொல்லட்டும். குழுவினர் அந்த ஐந்தையும் படித்துவிட்டு நேர்காணலுக்கு வரவேண்டும். நாற்பது விண்ணப்பங்கள் என்றால் இருநூறு கட்டுரைகள். நான்கு உறுப்பினர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஐம்பது. முப்பது ஆண்டுகள் ஒருவர் வகிக்கப்போகும் பணியிடத்துக்கு அது இரண்டு வார உழைப்பு.