கியர் மாத்து பாஸ்: ரோடு பைக்கா... டிரையத்லான் பைக்கா?

'ரேஸ்ல இறங்கலாம்னு இருக்கேன் மச்சி... ரோடு பைக் வாங்கட்டுமா, டிரையத்லான் பைக் வாங்கட்டுமா?' - தாம்பரம் ஏரியா கேன்டீன்கள்ல அடிக்கடி காதுல விழுற கேள்வி இது. பைக்னதும் பெட்ரோல் டேங்க்கைத் தேடாதீங்க, பெடல் மிதிக்கிற சமாச்சாரம்தான்! வீட்டுல இவ்வளவு பெரிய காசை ஒரு தடவைதான் கேட்க முடியும். ஸோ, கடைக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்குப் போட்டுடலாம்.

என்ன வித்தியாசம்?

ரோடு பைக்ல ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பார். பிரேக்கும் கியரும் ஒரே இடத்துல, விரலுக்கு எட்டுற தூரத்துல இருக்கும். சீட்டைத் தாங்குற குழாய் சுமார் 73 டிகிரி சாய்வுல நிக்கும். டிரையத்லான் பைக்ல அதே குழாய் 76-லிருந்து 80 டிகிரி வரைக்கும் நிமிர்ந்து நிக்கும். முழங்கையை ரெண்டு பேட் மேல வெச்சு, முன்னாடி நீட்டிட்டு இருக்கிற ரெண்டு பாரைப் பிடிச்சுக்கிட்டு, முதுகை மேஜை மாதிரி மடக்கிக்கிட்டுப் போகணும். இடுப்பு ரொம்ப மடங்காததால, சைக்கிளை விட்டு இறங்கி ஓடும்போது காலுக்கு அது கொஞ்சம் தோதா இருக்கும்.

எல்லாம் எதுக்கு? காத்துக்காக! ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்ச மக்களும் இதைக் கேட்டுக்கங்க. வேகம் ரெண்டு மடங்கானா, காத்தை எதிர்க்கத் தேவைப்படுற பவர் எட்டு மடங்கு. மணிக்கு 25 கி.மீ-லிருந்து 30-க்குப் போறதுக்கே சுமார் 1.7 மடங்கு வேணும். இதுல காத்தைத் தடுக்கிற பெரிய சுவர் சைக்கிள் இல்லை... அதுமேல உட்கார்ந்திருக்கிற நாமதான்.

8 செகண்ட் சரித்திரம்

1989 டூர் டி பிரான்ஸ், கடைசி நாள். 3,000 கி.மீ-க்கும் மேல ஓட்டி முடிச்ச நிலையில அமெரிக்காவோட கிரெக் லெமாண்ட், பிரான்ஸோட லாரன்ட் ஃபின்யோனைவிட 50 செகண்ட் பின்னாடி இருந்தார். மிச்சம் இருந்தது வெர்சாய்ல இருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ, தனித்தனியா ஓட்டுற டைம் டிரையல். லெமாண்ட் சைக்கிள்ல மாட்டியிருந்தது டிரையத்லான்காரங்க பயன்படுத்துற நீட்டல் பார். தலையில ஏரோ ஹெல்மெட். ஃபின்யோன் சாதா பாரோட, ஹெல்மெட் இல்லாம, போனிடெயில் பறக்க ஓட்டினார். ரிசல்ட்? லெமாண்ட் அந்த ஒரே நாள்ல 58 செகண்ட் பிடிச்சு, மொத்தத்துல 8 செகண்ட்ல பட்டத்தை ஜெயிச்சார்!

'அப்போ டிரையத்லான் பைக்தான் பெஸ்ட்டா?'னு கேட்டா... வெயிட், வெயிட்! லெமாண்ட் அன்னிக்கு ஓட்டினது தனி ஆளா. போலீஸ் காலி பண்ணிக் கொடுத்த ரோட்டுல!

ரூல் என்ன சொல்லுது?

எல்லாரும் ஒண்ணா கிளம்புற ரோடு ரேஸ்ல இந்த நீட்டல் பாருக்குத் தடா. கும்பல்ல முழங்கையில சாய்ஞ்சு போற ஒருத்தர் பிரேக் பிடிக்க லேட் ஆனா, பின்னாடி வர்ற பத்து பேர் காலி. ஒலிம்பிக்ஸ்ல நடக்கிற டிரையத்லான்லகூட (1.5 கி.மீ நீச்சல், 40 கி.மீ சைக்கிள், 10 கி.மீ ஓட்டம்) ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ஒட்டிப் போகலாம்ங்கிறதால ரோடு பைக் மட்டும்தான்.

டிரையத்லான் பைக் ஹீரோ ஆகுறது அயர்ன்மேன் டைப் ரேஸ்ல. 2019-ல கோவாவுக்கு வந்த அயர்ன்மேன் 70.3-ல 1.9 கி.மீ நீச்சல், 90 கி.மீ சைக்கிள், 21.1 கி.மீ ஓட்டம். இந்த மாதிரி ரேஸ்ல முன்னாடி போறவர் பின்னால ஒளிஞ்சுக்க முடியாது, இடைவெளி விட்டு, காத்தைத் தனியாத்தான் கிழிக்கணும். அங்கேகூட ரோடு பைக்குக்குத் தடை இல்லை. ஆனா டிரையத்லான் பைக்கோட ரோடு ரேஸுக்குப் போனா, ஸ்டார்ட் லைன்லயே 'வீட்டுக்குப் போப்பா'ன்னுடுவாங்க. டைம் டிரையல்லயும் ஃப்ரேமுக்குனு தனி ரூல் இருக்கு. சில டிரையத்லான் மாடல் அதுல பாஸ் ஆகாது.

நம்ம ஏரியாவுல எப்படி?

ரேஸ் வருஷத்துக்கு ரெண்டு நாள். பிராக்டீஸ் மிச்ச நாள் பூரா. பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டி, கேளம்பாக்கம் ரோட்டைப் பிடிச்சு, கோவளத்துல ஈ.சி.ஆர் ஏறுறதுதானே நமக்கு ரூட்? மணிக்கு 36 கி.மீ-ல போனா ஒரு செகண்டுக்கு 10 மீட்டர். நீட்டல் பார்ல இருக்கிற கையை எடுத்து பிரேக்குக்குக் கொண்டு போறதுக்குள்ளேயே அந்த 10 மீட்டர் போயிடும். ஜி.எஸ்.டி ரோட்டுல ஷேர் ஆட்டோ இண்டிகேட்டர் போடாம ஓரங்கட்டுறதுக்கு அதுல பாதி தூரம் போதும்! முட்டுக்காடு பாலத்துல பக்கவாட்டுக் கடல்காத்து வேற. அகலமான ரிம் போட்ட சக்கரத்தை அது பாய்மரம் மாதிரி தள்ளும்.

அப்போ எதைத்தான் வாங்குறது?

ஒரே ஒரு சைக்கிள்தான்னா, கண்ணை மூடிக்கிட்டு ரோடு பைக். ரோடு ரேஸ், டிரையத்லான் ரெண்டுலயும் கலந்துக்கலாம், மாமல்லபுரம் வரைக்கும் ஃப்ரெண்ட்ஸோட ஜாலி ரைடும் போகலாம். நீட்டல் பாரைத் தனியா வாங்கி அதே ஹேண்டில்ல மாட்டலாம், ரோடு ரேஸ் அன்னிக்குக் கழட்டிடலாம். சில ஆயிரத்துல முடியிற வேலை. ஒண்ணு, அதை மாட்டினதும் சீட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி, உயரத்தையும் சரிபார்க்கணும். இல்லாட்டி முதுகும் கழுத்தும் கேஸ் போடும். டிராஃபிக்ல கை எப்பவும் பிரேக் மேலதான் இருக்கணும். ஆளில்லாத நேர் ரோட்டுல மட்டும் முழங்கையை பேடுக்குக் கொண்டு போங்க.

லட்சத்தைத் தாண்டுற டிரையத்லான் பைக்? ரெண்டு, மூணு ரேஸ் முடிச்சு, 'நமக்கு லாங் டிஸ்டன்ஸ்தான்'னு உறுதியானதுக்கு அப்புறம், சொந்தச் சம்பளத்துல வாங்கலாம். அதுவரைக்கும் மிச்சமாகுற காசுல முதல்ல ஒரு நல்ல ஹெல்மெட், அப்புறம் ரேஸ் என்ட்ரி ஃபீஸ். கூடவே கொஞ்சம் நீச்சல் கிளாஸும் சேருங்க பாஸ்... 1.9 கி.மீ நீச்சலுக்கு எந்த சைக்கிளும் உதவாது!