மூடாத இமைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்ணிமைச் சௌந்தரிய சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அதன் விபரீதங்களைக் குறித்து மௌனம் சாதித்துவிட்டபடியால், என் தமக்கையாரின் அனுபவத்தை முன்னிட்டுச் சில வார்த்தைகள் எழுதத் துணிகிறேன்.

கீழிமைத் தோலைச் சற்றே தாராளமாக வெட்டி எடுத்ததன் பயனாக, இமை கீழே இழுபட்டு, உறங்கும்போதும் கண் மூடாமல், கருவிழி உலர்ந்து எரிச்சலுற்ற நிலையில், உடனே மறுசிகிச்சை வேண்டுமென்று அவர் பிடிவாதம் செய்தது இயல்பே. ஆனால் வீக்கம் வடிந்து தழும்பு இளக ஏறக்குறைய 6 மாதங்கள் ஆகுமாதலால், கருவிழிக்கு அபாயம் நேராதவரையில், பகலில் சொட்டு மருந்தும் இரவில் களிம்புமாகக் காத்திருப்பதே உசிதம் என்று பின்னர் பார்த்த வைத்தியர் கூறியது அப்போது எங்களுக்குக் கசந்தது. (வீட்டுக் கண்ணாடிகளையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.) முடிவில், தாழ்ந்த இமையை ஓரத்தில் இறுக்கித் தூக்கி, குறைந்த தோலுக்கு ஈடாகக் காதின் பின்புறத்துத் தோலை ஒட்டினார்கள், கண் மூடுகிறது, பழைய சாயல் மட்டும் திரும்பவில்லை.

சிகிச்சையையடுத்துக் கண் புடைத்து, கடும் வலியோடு பார்வை மங்கினாலோ, உள்ளே கசிந்த இரத்தம் பார்வை நரம்பை நெருக்குவதாக இருக்கலாமாகையால், ஒரு நாழிகையும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதையாவது கட்டுரையாளர் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

இங்ஙனம்,
ஒரு வாசகி, மதுரை