ஓட்டப்போவது யார்?

மகளுக்குச் சைக்கிள் வாங்கப் போகும் வாப்பாமார் பலர் மகளைக் கடைக்குக் கூட்டிச் செல்வதில்லை. நானாவிடம் ஒரு சொல், கடைக்காரரிடம் ஒரு சொல் கேட்டு, தடித்த டயரும் கியர்களும் உள்ள மவுண்டன் சைக்கிளோடு வந்து நிற்கிறார்கள். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை உள்ள கரையோரத்தில் மலை எங்கே இருக்கிறது?

எமக்கு அந்தச் சைக்கிள் ஒத்துவராது. செயின் திறந்தபடி இருப்பதால் அபாயாவின் ஓரம் அதில் சிக்கும். மட்கார்ட் சிறியது அல்லது இல்லவே இல்லை. மாரியில் வெள்ளைச் சீருடையின் முதுகில் சேறு கோடு போடும். புத்தகப் பை வைக்கக் கூடையோ கரியரோ கிடையாது. கியர் பழுதானால் திருத்துவதற்கும் பணம் தேட வேண்டும். கியர் இல்லாத லேடீஸ் சைக்கிளில் செயினை முழுவதும் மூடும் கவர் போடலாம். முன்பார் தாழ்ந்திருப்பதால் ஏறி இறங்குவதும் இலகு.

"வளரும் பிள்ளைதானே" என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவது இன்னொரு வழக்கம். சப்பாத்தில் அது சரிவரலாம். சைக்கிளில், சந்தியில் பிரேக் பிடிக்கும்போது கால் நிலத்துக்கு எட்டாவிட்டால் விழ வேண்டியதுதான். சீட்டில் அமர்ந்தபடி இரு கால்களின் முன்பாதமும் நிலத்தில் பட வேண்டும். வளர வளரச் சீட்டை உயர்த்திக்கொள்ளலாம்.

அதற்காக எல்லோருக்கும் லேடீஸ் சைக்கிள்தான் என்று நான் சொல்லவில்லை. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியபோது, சிலர் ஆண்களின் சைக்கிளையே விரும்பினார்கள். முன்பாரில் குழந்தையை இருத்தலாம் என்பதே காரணம். அவரவர் தேவையை அவரவரே அறிவர்.

2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது சைக்கிளின் விலையும் ஏறியது. புதியது வாங்க வசதியில்லாத வீட்டுக்குப் பழையதே போதும், பார்த்து வாங்கினால். டயர், செயின், பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். சட்டம் வளைந்திருந்தாலோ, ஒட்டுகளில் வெடிப்போ ஆழமான துருவோ இருந்தாலோ விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கடற்காற்று வீசும் ஊர்களில் துருவைக் கவனித்தே ஆக வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் ரிம் நெளிவு தெரியும். பெடல் தண்டை இருபக்கமும் அசைத்தால் ஆட்டம் தெரியும். சட்டத்தில் பொறித்த இலக்கத்தை எழுதி, விற்பவரிடம் பற்றுச்சீட்டும் வாங்குங்கள். பூட்டுக்கும் விளக்குக்கும் காசை ஒதுக்கி வையுங்கள்.

கூட்டிச் செல்ல ஆளில்லை, ஓட்டோவுக்குக் காசில்லை என்ற காரணங்களால் மாலை வகுப்பை நிறுத்திக்கொண்ட மாணவிகள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு வாங்கும் சைக்கிள் ஓட்ட முடியாததாகி வாசலில் சாய்ந்து கிடந்தால், காசோடு வகுப்பும் போகும். ஆகவே கடைக்குப் போகும்போது மகளை அபாயாவோடும் புத்தகப் பையோடும் கூட்டிப்போங்கள். ஒரு சுற்று ஓடிப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.