சிரிப்பு வர இருபது ஆண்டுகள்

அசோகமித்திரன் எழுதிய மூன்றை இந்த மாதம் அடுத்தடுத்து வாசித்தேன். ‘கரைந்த நிழல்கள்’ நாவல், ‘புலிக் கலைஞன்’ சிறுகதை, பிறகு ஆங்கிலத்தில் அவர் எழுதிய ‘மை இயர்ஸ் வித் பாஸ்’ கட்டுரைகள். மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே இடம். செகந்திராபாத்தில் வளர்ந்து, அப்பா இறந்த பிறகு 1952இல் சென்னைக்கு வந்த இளைஞர், எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்து 1966 வரை அங்கே இருந்தார். பத்திரிகைச் செய்திகளை வெட்டி எடுத்துக் கோப்புகளில் சேர்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. பார்ப்பவர்களுக்கு அது வேலையாகவே தெரியவில்லை என்று அவரே எழுதுகிறார். வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்து ஆளுக்கு ஆள் அவர் அறைக்கு வந்து பேசிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டவர் நமக்கு எழுத்தாளராகக் கிடைத்தார்.

முதலில் கட்டுரைகளைத்தான் எடுத்தேன். அதில் ஒன்று பன்னிரண்டாம் வகுப்பு சிபிஎஸ்இ ஆங்கிலப் பாடநூலில் இருக்கிறது. இந்தியா முழுக்கப் பல லட்சம் மாணவர்கள் இந்த மனிதரை அந்த ஒரு கட்டுரை வழியாக மட்டுமே அறிவார்கள். வண்டி வண்டியாக வந்து இறங்கும் ‘பான்கேக்’ ஒப்பனைச் சாமான், ராபர்ட் கிளைவின் குதிரை லாயம் என்று சொல்லப்பட்ட கட்டடத்தில் ஒப்பனை அறை, சுற்றிலும் கண்ணாடியும் சூடான விளக்குகளும். கூட்டக் காட்சி எடுக்கும் நாளில் பெரிய பாத்திரத்தில் பூச்சைக் கலந்து கூட்டத்தார் முகத்தில் அப்புகிற ஒரு ‘பையன்’. அவனுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. நடிகனாகவோ இயக்குநராகவோ பாடலாசிரியராகவோ ஆகிவிடலாம் என்று வந்து சேர்ந்தவன். தன் திறமை வீணாவதற்கு ஜெமினியின் கதை இலாகாவில் இருந்த கொத்தமங்கலம் சுப்புதான் காரணம் என்று அசோகமித்திரனின் மேஜைக்கு முன் நின்று புலம்புகிறான். இதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரிக்க வைக்கும்படிதான் எழுதியிருக்கிறார்.

அதே கட்டுரையில் ஸ்டீஃபன் ஸ்பெண்டர் ஜெமினிக்கு வந்து பேசிய கதையும் இருக்கிறது. பேச வந்தவர் கவிஞரா பத்திரிகை ஆசிரியரா என்பதே கூடியிருந்தவர்களுக்குத் தெரியாது. அவர் உச்சரிப்பும் பிடிபடவில்லை. குடும்பப் படம் எடுக்கிற ஒரு ஸ்டூடியோவில் ஆங்கிலக் கவிஞருக்கு என்ன வேலை என்ற கேள்வியோடு எல்லோரும் கலைந்து போகிறார்கள். அதற்கு அடுத்த பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ‘என்கவுண்டர்’ என்ற ஆங்கிலப் பத்திரிகை சிறுகதைப் போட்டி அறிவிக்கிறது. கதையை இங்கிலாந்துக்கு அனுப்பத் தபால் செலவு கொஞ்சமல்ல. அதற்குமுன் பத்திரிகையின் தரம் தெரிய வேண்டாமா? பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குப் போய்ப் பார்க்கிறார். யாரும் தொடாத இதழ்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. ஆசிரியர் பெயரைப் பார்த்தால், ஸ்டூடியோவுக்கு வந்த அதே கவிஞர். பிறகொரு நாள், ஜெமினியை விட்ட பிறகு, மவுண்ட் ரோடு தபாலாபீஸ் எதிரே நடைபாதையில் ஐம்பது பைசாவுக்கு ‘த காட் தட் ஃபெயில்ட்’ கிடைக்கிறது. கம்யூனிசத்தை நம்பிப் பிறகு விலகிய ஆறு பேரின் கட்டுரைகள். ஆந்த்ரே ழீத், ரிச்சர்ட் ரைட், கோஸ்ட்லர் ஆகியோரோடு ஸ்பெண்டரும் அதில் இருக்கிறார். கையில் நேரம் நிறைய, காசு குறைவு என்ற நிலையில் இருக்கும் ஒரு எழுத்தாளனின் தனிமையை இதைவிட லேசாகவும் இதைவிட ஆழமாகவும் சொன்ன பக்கங்களை நான் அதிகம் படித்ததில்லை.

இந்தச் சந்தோஷத்தோடு ‘புலிக் கலைஞ’னுக்குப் போனேன். மறுபடி அதே மாதிரி ஒரு கதை இலாகா. சும்மா உட்கார்ந்திருக்கும் அதே மனிதர்கள். ஒரு மெலிந்த ஆள் உள்ளே வருகிறார். பெயர் காதர். டகர் பாயிட், அதாவது புலிச் சண்டை, செய்வாராம், ஏதாவது வேடம் கிடைக்குமா என்று கேட்கிறார். இலாகாவில் இருக்கும் சர்மாவும் மற்றவர்களும் அவரைத் தட்டிக்கழிக்கத்தான் பார்க்கிறார்கள். அவர் பையிலிருந்து புலித் தலையை எடுத்து மாட்டிக்கொள்கிறார். அந்தக் கணத்தில் அறைக்குள் ஒரு புலி. நாற்காலிகளுக்கும் மேஜைகளுக்கும் நடுவே அது பாய்கிறது, பதுங்குகிறது. பார்க்கிறவர்கள் உறைந்து போகிறார்கள். பிறகு முகமூடி கழன்றதும் பழைய காதர். சாப்பாட்டுக்கு வழியில்லை என்று சொல்லிக் காலில் விழுகிறார். பிறகு ஒரு படத்தில் அவரைப் பயன்படுத்தலாம் என்று கடிதம் போடுகிறார்கள். கடிதம் திரும்பி வந்துவிடுகிறது.

நான் முன்பே பல முறை படித்த கதை இது. கட்டுரையைப் படித்த சூட்டில் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. கட்டுரையில் நம்மைச் சிரிக்க வைத்த அதே ‘வேலையில்லாத வேலை’ இங்கே தாங்க முடியாததாக இருக்கிறது. அந்த அறையில் இருக்கும் ஒருவருக்கும் காதருக்கு ஒரு வேடம் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. தங்களுக்குள் காசு சேர்த்துக் கொடுக்கலாம், காண்டீனில் சாப்பிடச் சொல்லலாம், முகவரி வாங்கி வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். ஒரு மகத்தான கலையைக் கண்ணால் பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்களின் கதை அது. ‘புலிக் கலைஞன்’ காதரைப் பற்றியது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். பாதிக் கதை பார்த்துக்கொண்டிருந்தவர்களுடையது என்று இப்போது உறுதியாகத் தோன்றுகிறது.

‘கரைந்த நிழல்க’ளில் இது இன்னும் விரிகிறது. ‘தீபம்’ இதழில் தொடராக வந்து 1969இல் நூலானது. சினிமாவைப் பற்றிய நாவல், ஆனால் நட்சத்திரம் யாரும் நடுவில் இல்லை. படப்பிடிப்புக்கு ஆட்களையும் வண்டிகளையும் சாப்பாட்டையும் சேர்க்க அலையும் புரொடக்‌ஷன் மேனேஜர் நடராஜன், கம்பெனி படுத்துவிட்டதால் அடுத்த வேலைக்கு அலையும் உதவி இயக்குநர் ராஜகோபால், படம் முடியாமல் நொடித்துப் போகும் தயாரிப்பாளர் ரெட்டியார். ஒருவர் பின்னால் கொஞ்ச தூரம் போகிறோம், அவர் மறைகிறார், இன்னொருவர் வருகிறார். முன்னவர் என்ன ஆனார் என்பது யாரோ பேசும் ஒரு வாக்கியத்தில் போகிற போக்கில் தெரியவரும். நாவலுக்கு மையம் இல்லை என்று இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது அந்தத் தொழிலின் உண்மையான வடிவமாகப் படுகிறது. ஒரு படம் நின்றுபோனால் ஒருவரை ஒருவர் தேடிப் போக யாருக்கு அவகாசம்?

ஜெயசந்திரிகா வரும் அத்தியாயம் இங்கே முக்கியம். படப்பிடிப்புக்கு வராத கதாநாயகியைத் தேடி ரெட்டியார் அவள் வீட்டுக்கே போகிறார். அவருடைய ஆத்திரமும் கெஞ்சலும் அவளுடைய களைப்பும் பயமும் எல்லாம் அந்த அத்தியாயத்தில் இருக்கின்றன. யார் பக்கமும் ஆசிரியர் சாய்வதில்லை. பான்கேக் கட்டுரையிலும் ஒரு நடிகை வருகிறாள். கோபத்தில் கத்துகிறாள். கதை இலாகாவில் இருந்த வக்கீல் அதை அவளுக்குத் தெரியாமல் ஒலிப்பதிவு செய்து அவளுக்கே போட்டுக் காட்டுகிறார். தன் குரலைக் கேட்டு அவள் வெலவெலத்துப் போகிறாள். அத்தோடு அவள் சினிமா வாழ்க்கை முடிந்தது. கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி இடம்தான், அதுவும் வக்கீலின் குணத்தைக் காட்ட.

இவை எழுதப்பட்ட வரிசையைப் பாருங்கள். நாவல் 1969. ‘புலிக் கலைஞன்’ 1973. கட்டுரைகள் 1980களில், பிரித்தீஷ் நந்தி ஆசிரியராக இருந்த ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி’க்காக எழுதியவை. வேலையை விட்ட சில ஆண்டுகளுக்குள் தமிழில் எழுதியதில் சிரிப்பு மிகக் குறைவு. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, பம்பாய்ப் பத்திரிகை ஒன்றுக்காக, அந்த உலகத்தை நேரில் அறியாத வாசகர்களுக்கு எழுதும்போது சிரிப்பு வருகிறது. அதற்குள் வாசன் இறந்து பல வருடம். ஸ்டூடியோவின் பெரிய நாட்கள் முடிந்துவிட்டன. அந்த இடத்து மேம்பாலத்துக்கு மட்டும் மக்கள் வாயில் ஜெமினி பெயர் நின்றது. காயம் ஆறிய பிறகு வந்த சிரிப்பு அது. அடக்கமான நடை, எளிமையான நடை என்று அசோகமித்திரனைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பட்ட கஷ்டம் பக்கத்தில் இருந்தபோது அவர் கிண்டலுக்கு இடம் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனாலும் ஒரு இடத்தில் அவரோடு எனக்கு வழக்கு உண்டு. அந்த ஒப்பனை அறைப் ‘பையன்’. நடிகனாக வந்து, பிறர் முகத்தில் பூச்சு அப்பியே நாற்பதைத் தாண்டியவன், கொஞ்சம் கவிதையும் எழுதுபவன். காதருக்குப் பக்கத்து வீட்டுக்காரன்தானே? கட்டுரை அவனைப் பொறாமைக்காரனாகவும் தொல்லையாகவும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. சுப்புவைப் பற்றி அங்கே இருப்பது தாராளமான, அன்பான சித்திரம். அதில் நூறில் ஒரு பங்கு இவனுக்குக் கிடைத்திருக்கலாம். 1973இல் தமிழில் எழுதியிருந்தால் கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன். புதிதாகப் படிக்கப் போகிறவர்களுக்கு என் யோசனை, கட்டுரையில் தொடங்காதீர்கள். முதலில் நாவல், பிறகு ‘புலிக் கலைஞன்’, அதற்கப்புறம் பான்கேக். அந்த வரிசையில் போனால், அந்த ஆள் பூச்சுப் பாத்திரத்தோடு வரும்போது அவன் எழுதிய கவிதை என்னவாக இருக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள்.